அத்தை அறைச் சுவர்

நம் வயதுக்காரர்கள் எல்லோரும் ஏதோ ஒரு சுண்ணாம்புச் சுவரில் முதுகைச் சாய்த்து வளர்ந்தவர்கள்தாம். எழுந்து நடந்தால் சட்டையின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். பின்னால் வருகிறவர் தட்டிவிடுவார். இப்போதைய சுவர்களில் எதுவும் ஒட்டுவதில்லை, அதனால் தட்டிவிடவும் ஆள் தேவைப்படுவதில்லை. நான் சொல்ல வந்தது எங்கள் வீட்டுச் சுவர் ஒன்றைப் பற்றி. உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்திருக்கும், விசாரித்துப் பாருங்கள்.

காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் எல்லா வீடும் ரயில் பெட்டி மாதிரி நீளம். தெருவாசலில் ஆரம்பித்துக் கொல்லைக் கிணற்றில் போய் முடியும். நடுவில் முற்றம். முற்றத்துக்கு முன்னால் கூடம், கூடத்தில் இரண்டு பட்டுத் தறி. கூடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை, அதில் இன்னொரு தறி. எல்லாம் குழித்தறி. தரையில் பள்ளம் தோண்டி, சுற்றிலும் செங்கல் கட்டி, சுண்ணாம்பு பூசியிருக்கும். நெய்கிறவர் விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிப்பார். நாங்கள் கண்ணாமூச்சி ஆடுவதும் அந்தக் குழிகளில்தான்.

எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. அந்த வருஷம் ஆடியில் அத்தை வந்தாள். அத்தை என்றால் நைனாவின், அதாவது அப்பாவின், தங்கை, முசரவாக்கத்தில் கட்டிக் கொடுத்தவள். ஆடிக்கு அழைத்து வந்தது என்று தெருவில் சொன்னார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து எந்த வீட்டில் பெண்ணை ஆடிக்கு அழைக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் அந்தக் காலத்து மரியாதை.

ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு பித்தளை வாளியும் அவள் கொண்டுவந்தாள். வாளியின் பிடி சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் கிளி. கிளியின் மூக்கு தேய்ந்துபோயிருந்தது. அதை நான் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன், அவள் ஒன்றும் சொல்லமாட்டாள்.

சின்ன அறைத் தறியில் நெய்துகொண்டிருந்த ஆள் சொந்தமாகத் தறி போட்டுக்கொண்டு போயிருந்தார். தறி சும்மாதான் இருந்தது. நைனா அதைப் பிரித்துப் பரணில் போட்டுவிட்டு, குழியை மூடி, அந்த அறையை அத்தைக்குக் கொடுத்தார். ஆவணி பிறந்தால் போய்விடும், அதுவரைக்கும் கூடத்தில் ஆண்பிள்ளைகள் நடமாடுகிற இடத்தில் எப்படிப் படுக்கும் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா சரி என்றாள். சரி என்று அவள் சொன்ன விதம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

குழியை மூடப் பாலாற்று மணலை ஒரு மாட்டுவண்டி கொண்டுவந்து வாசலில் கொட்டியது. எங்களுக்குக் கொண்டாட்டம். தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடிக் கிச்சுக் கிச்சுத் தாம்பாளம் விளையாடினோம். துரும்பை ஒளித்து அலுத்துப்போய் என் சிவப்புக் கல் மோதிரத்தை மணலில் ஒளித்தேன். அதை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. அதற்குள் மணலை அள்ளிக் குழியில் கொட்டிவிட்டார்கள். மேலே கடப்பாக் கல் பாவினார்கள். நான் அழுதுகொண்டு நின்றபோது அத்தைதான் என்னை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"அது எங்க போயிடப் போவுது. கீழதான் கீது. நான் மேல படுத்துக்கினு காவல் காக்கறேன், போதுமா" என்றாள்.

எனக்குப் போதுமாக இருந்தது.

ஆவணி பிறந்தது. அழைத்துப் போக யாரும் வரவில்லை. புரட்டாசியும் போயிற்று. அத்தை தறி நாடாவுக்கான கண்டில் நூல் சுற்றினாள், மாவரைத்தாள், கைக்குழந்தையாக இருந்த என் தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். தினமும் காலையில் அந்த வாளியில் தண்ணீர் கொண்டுபோய்த் தன் அறையைக் கழுவினாள். அது அவள் பழக்கம். இடம் சுத்தமாக இருக்க வேண்டும் அவளுக்கு.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு நாள் காலையில் நைனா கூடத்துத் தறியில் உட்காரும்போது பக்கத்துச் சுவரின் அடியில் ஒரு கறை இருந்தது. கூடத்துக்கும் அத்தை அறைக்கும் பொதுவான சுவர் அது. அடியிலிருந்து ஈரம் மேலே ஏறுவதை எங்கள் பக்கம் ஓதம் என்பார்கள். முதலில் முழங்கால் உயரம். பிறகு இடுப்பு. சுண்ணாம்பு உப்பி, பொரிந்து, ரவை ரவையாக உதிர்ந்தது. அதன்மேல் பஞ்சு மாதிரி வெள்ளையாக உப்பு பூத்தது. நான் நக்கிப் பார்த்தேன், உப்புத்தான். மழை நாளில் அந்தச் சுவர் பக்கம் போனால் பழைய குடத்துக்குள் தலையை விட்ட வாசனை வரும். இப்போதும் எங்காவது அந்த வாசனை வந்தால் நான் அங்கே நிற்கமாட்டேன்.

தறிக்கு இது சின்ன விஷயம் இல்லை. கோடையில் குழியின் குளுமை பட்டுக்கு நல்லது, இழை அறாது. மழைக்காலத்தில் அதுவே எமன். நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும். அந்த ஐப்பசியில் தறியில் இருந்தது ஒரு முகூர்த்தப் புடவை. சுவர் பக்கம் இருந்த ஜரிகைக் கரை மங்கிப் போயிற்று. கடைக்காரர் வேண்டாம் என்று திருப்பிவிட்டார். நைனா அன்று சாப்பிடவில்லை. அதன் பிறகு காலையில் விபூதி பூசிக்கொண்டு சாமி கும்பிட்டதும் அவர் செய்கிற அடுத்த காரியம் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது. வைத்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொள்வார்.

அவர் சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. கூரையில் ஏறி ஓடு மாற்றினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரை ஒட்டித் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறார்களா என்று போய்ப் பார்த்துச் சண்டை போட்டுவிட்டு வந்தார். பிறகு மேஸ்திரி வந்தார். சுவர் இருந்தால்தானே சித்திரம் என்று சிரித்துக்கொண்டே பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, இடுப்புயரத்துக்குச் சிமெண்ட் பூசினார். பளபளவென்று இருந்தது. நைனா எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். கொஞ்ச நாளில் சிமெண்டுக்கு மேலே, தோள் உயரத்தில், ஈரம் எட்டிப் பார்த்தது. வெளியே வர வழியில்லாத தண்ணீர் மேலே ஏறியிருக்கிறது. இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது மேஸ்திரிக்குத் தன் வேலை தப்பு என்று சொல்ல மனம் வரவில்லை.

"சொவரு தானா வேர்க்காதுண்ணே. உள்ள யாரோ தண்ணி பொழங்கறாங்க" என்றார்.

சொல்லிவிட்டு அவர் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். அந்த வார்த்தை மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. அன்று சாயங்காலமே அம்மா பித்தளை வாளியை எடுத்துப் பரண்மேல் வைத்தாள். அத்தை பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மறுநாளிலிருந்து ஈரத் துணியால் தரையைத் துடைத்தாள், அதையும் பிழிந்து பிழிந்து. அறை நாறியதால் அவள் கழுவினாள். அவள் கழுவுவதால் அறை நாறுகிறது என்றார்கள். வாளி பரணுக்குப் போன பிறகும் சுவர் காயவில்லை. அப்படியென்றால் திருட்டுத்தனமாக ஊற்றுகிறாள் என்று ஆயிற்று.

ஒரு நாள் அவள் தன் கோரைப்பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். நைனா தறியில் இருந்தார். பாயைத் திருப்பிப் போட்டு விரித்தாள். பாயின் அடிப்பக்கம் நடுவில் மட்டும் கறுப்பாகப் பூசணம் பிடித்திருந்தது. ஓரங்களில் ஒன்றுமில்லை. நடுவில் நீளமாக, ஒரு ஆள் கால் நீட்டிப் படுத்த அளவுக்கு.

"கீழேந்து வருதுண்ணா. நடுவுல கல்லு ஜில்லுனு இருக்குது. மழை பெய்யறப்ப காது வெச்சா சத்தம் கேக்குது. நான் தண்ணி ஊத்தலண்ணா."

நைனா பாயைப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் காலை ஆட்டிக்கொண்டிருந்த குழியின் அளவும் அந்தக் கறுப்பின் அளவும் ஒன்றுதான். அது அவர் கண்ணில் படவில்லை, என் கண்ணிலும் படவில்லை. பாய் நனைகிற அளவுக்கா தண்ணீர் ஊற்றுவது என்றுதான் அவர் கேட்டார். அத்தை பாயைச் சுருட்டிக்கொண்டாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் இருந்தவரை அவள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

அம்மா பேசினாள். அழுகிற பொம்பளை இருக்கிற வீட்டில் சுவர் காயாது என்று கிணற்றடியில் யாரிடமோ சொன்னாள். அத்தை அழுது நான் பார்த்ததில்லை. அம்மாவும் பார்த்திருக்கமாட்டாள். ஆனாலும் அந்தப் பேச்சு வாய் வாயாகத் தெருவில் போய்விட்டு, நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது என்னிடமே வந்தது.

தை பிறப்பதற்கு முன்னால், தென்னேரியில் தூரத்துச் சொந்தம் ஒருவர் வீட்டில் படுத்த படுக்கையாக இருந்த கிழவியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று செய்தி வந்தது. நைனா அத்தையைக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். டிரங்குப் பெட்டி போயிற்று. வாளி பரணிலேயே இருந்தது. அத்தை கேட்கவில்லை, அம்மா எடுத்துத் தரவில்லை. எனக்குப் பரண் எட்டாது. கிளம்பும்போது அத்தை என் கன்னத்தைத் தொட்டு, மோதிரத்தை நீ பார்த்துக்கோ என்றாள்.

அவள் போனதும் சுவர் காய்ந்துவிட்டது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்பார்களே, அதுதான். தையில் மழை ஏது, காயாமல் என்ன செய்யும். ஆனால் வீட்டில் அன்று நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நைனா சுவரில் உள்ளங்கையை வைத்தார். எடுத்தார். கையில் வெறும் சுண்ணாம்புத் தூள். அம்மாவைக் கூப்பிட்டார். அம்மாவும் வைத்துப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கும் காட்டினார்கள். நானும் கையை வைத்தேன். அப்படியானால் அத்தைதான் ஊற்றியிருக்கிறாள் என்று நானும் நம்பினேன். அவள்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

அடுத்த ஐப்பசியில் சுவர் மறுபடியும் நனைந்தது, அதே இடத்தில், அதே உயரத்துக்கு. இந்த முறை நைனா மேஸ்திரியைக் கூப்பிடவில்லை. தன் தறியைக் கூடத்தின் அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டார். சின்ன அறை சாமான் போடுகிற இடமாயிற்று. அத்தை பெயரை யாரும் எடுக்கவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று தெரிந்த பிறகும் ஒரு வீடு எப்படி வாயை மூடிக்கொண்டு இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். இருக்கும். சாப்பிட்டுக்கொண்டு, நெய்துகொண்டு, பொங்கலுக்கு வெள்ளையடித்துக்கொண்டு நன்றாகவே இருக்கும். தப்பு என்று ஒப்புக்கொண்டால் போய்க் கூட்டிவர வேண்டுமே.

அத்தையை அதன் பிறகு கல்யாணங்களில்தான் பார்த்தேன். ஒரு கார்த்திகையில், சொந்தக்காரக் கல்யாணப் பந்தியில், அம்மாவுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தாள். முடி நரைத்திருந்தது. ரசத்துக்குக் காத்திருக்கும்போது மெதுவாகக் கேட்டாள்.

"ஏண்ணி, அந்தச் சொவரு காஞ்சிச்சா?"

"அதெல்லாம் நீ போன தையிலயே காஞ்சிடுச்சு" என்றாள் அம்மா.

"நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு அத்தை சாப்பிட்டாள். அன்று காலையில்தான் நைனா ஈரம் படாமல் இருக்கச் சுவர் ஓரத்து மூட்டைகளை நகர்த்தி வைத்திருந்தார். அத்தை தென்னேரியிலேயே காலமானாள். கிழவி போனபிறகும் அந்த வீட்டிலேயேதான் இருந்தாள். செய்தி வந்தபோது எனக்கு இரண்டு குழந்தைகள், வீட்டில் விருந்தாளிகள். குளித்துவிட்டுச் சமைத்தேன். துக்கம் என்று ஒன்று வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. இன்று வரைக்கும் சரியாக வரவில்லை.

இப்போது அந்த வீட்டில் தம்பி இருக்கிறான். கூடத்தில் இரண்டு தறியும் ஓடுகிறது, நல்ல வேலை. போன மாதம் வாலாஜாபாத்தில் இருக்கும் எனக்குப் போன் செய்தான்.

"சொவரு மறுபடியும் ஊறிக்கினு இருக்குதுக்கா. இந்தத் தபா ஒரு முடிவு கட்டணும். வந்து பாரேன்."

பஸ் ஏறிப் போனேன். சாமான் அறையைக் காலி செய்திருந்தார்கள். தம்பியின் மகள் வந்திருந்தாள், சென்னையிலிருந்து, இரண்டு பெரிய சூட்கேஸோடு. மாப்பிள்ளை வரவில்லையா என்று நான் கேட்கவில்லை. நமக்குப் பழகிய மரியாதை. தம்பியே சொன்னான், கொஞ்ச நாள் இருக்கும்க்கா, பேசிக்கினு இருக்கோம், அதுவரைக்கும் இந்த ரூமைச் சரி பண்ணிக் கொடுக்கலாம்னு. அவள் கூடத்தில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, காதில் எதையோ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூஞ்சி வெளுத்திருந்தது.

நான் போவதற்கு முன்னால் ஒரு கம்பெனி ஆள் வந்து, பீப் பீப் என்று கத்துகிற கருவியைச் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டு, சுவரில் ஓட்டை போட்டு மருந்து ஏற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார். தம்பியின் மகள்தான், ஏன் இந்த ஒரு சுவர் மட்டும், ஏன் மழைக்காலத்தில் மட்டும் என்று கேட்டிருக்கிறாள். அவர் மறுபடியும் மருந்தைப் பற்றியே பேசியிருக்கிறார். எப்படியும் டைல்ஸ் போடத்தானே போகிறோம், முதலில் தரையைப் பெயர்த்துப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று.

கடப்பாரை போட்டுக் கடப்பாக் கல்லை நெம்பினார்கள். அடியில் கறுத்த மணல். தம்பி குனிந்து ஒரு கை அள்ளிப் பிழிந்தான். விரலிடுக்கில் தண்ணீர் வந்தது. மேலும் அள்ள அள்ள நாலு பக்கமும் செங்கல் தெரிந்தது. தொட்டியில் நிற்கிற மாதிரி தண்ணீர் நின்றது. ஓரத்தில், முற்றத்து மழைத் தண்ணீர் தெருவுக்குப் போகிற மண் குழாய். அது அந்த அறைக்கு அடியில் போவது வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை. மணல் கொட்டிய கொஞ்ச நாளிலேயே அமிழ்ந்திருக்கிறது, அதோடு குழாயும் தொங்கி, மூட்டு விட்டுப்போயிருக்கிறது. முற்றத்தில் பெய்த மழையெல்லாம் குழிக்குள் விழுந்து, குழியிலிருந்து சுவருக்கு ஏறியிருக்கிறது. மணலுக்குப் பதில் ஜல்லிக் கல் போட்டு இடித்து மூடியிருந்தால் அமிழ்ந்திருக்காது என்றார் இப்போதைய மேஸ்திரி.

"ஏன்பா, தாத்தா கல்லு போட்டிருக்கலாம்ல?" என்று கூடத்திலிருந்து எழுந்து வந்த தம்பி மகள் கேட்டாள்.

தம்பி கையிலிருந்த மணலை உதறினான்.

"தறிக்குழிய யாரும் கல்லு போட்டு மூட மாட்டாங்கமா. கல்லு போட்டா அங்க இனிமே தறி இல்லனு அர்த்தம். மணலுன்னா வேணும்ங்கறப்ப அள்ளிக்கலாம். கொஞ்ச நாளைக்குன்னு போட்டிருப்பாரு."

அவனுக்கு அப்போது தவழ்கிற வயசு. ஒன்றும் தெரியாது. தெரியாமல்தான் சொன்னான். நான் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆவணியில் போய்விடும் என்று போட்ட மணல். அந்த மணல்தான் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது. அந்தத் தண்ணீரைச் சொல்லித்தான் அவளைப் போகச் சொன்னார்கள். இப்போதாவது அந்தத் துக்கம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. விறைத்த கையைக் கிள்ளிப் பார்ப்பதுபோல் அத்தையின் முகத்தை நினைத்துப் பார்த்தேன், கிளி மூக்குத்தான் ஞாபகத்துக்கு வந்தது. வாளி எங்கே என்று தம்பியைக் கேட்டேன். எந்த வாளி என்றான். அம்மா எப்போதோ பாத்திரக்காரரிடம் போட்டு எவர்சில்வர் குடம் வாங்கியிருக்கிறாள்.

மணலை அள்ளி வாசலில் குவித்தார்கள். வெயிலில் அது மேலாக வெளுத்துக்கொண்டு வந்தது. நான் ஒரு நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கையால் துழாவிக்கொண்டிருந்தேன். வயசான பொம்பளை மண்ணில் என்ன தேடுகிறாள் என்று போகிறவர்கள் பார்த்தார்கள். மோதிரம் கிடைக்கவில்லை.

மேஸ்திரி தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். புதுக் குழாய் போட்டுவிடலாம், சிமெண்டைக் கொத்திவிட்டுப் பழையபடி சுண்ணாம்பே பூசலாம், சுவர் மூச்சு விடும், ஒரு கோடை காய்ந்தால் சரியாகிவிடும். குழிக்கு இந்த மணலையே நன்றாகக் காயவைத்துக் கொட்டிவிடலாம். தம்பி தலையாட்டினான். நெசவுக்காரன், அவன் கை கல்லுக்குப் போகாது. நாளைக்கு இன்னொரு தறி போடணும்னாலும் தோதா இருக்கும், மகள் என்ன, கொஞ்ச நாள்தானே என்றான்.

"மணலு வேணாம்டா தம்பி. கல்லு போட்டு மூடு" என்றேன்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். வழக்கம் இல்லையேக்கா, நைனாவே மணல்தானே போட்டார் என்றான். ஆமாம், நைனாதான் போட்டார் என்றேன். பெரியவள் நான் சொன்னால் அவன் தட்டமாட்டான், சின்ன வயசிலிருந்தே அப்படி. தாடையைச் சொறிந்துகொண்டே போனை எடுத்தான்.

சாயங்காலம் டிராக்டரில் கருங்கல் ஜல்லி வந்தது. வாசலில் கொட்டிய சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. தம்பி மகள் காதில் மாட்டியிருந்ததை எடுத்துவிட்டு வெளியே ஓடிவந்தாள். ஊதாப் புடவையில் தூசியோடு உட்கார்ந்திருந்த என் முதுகைத் தட்டிவிட்டாள்.

"இவ்ளோ கல்லு எதுக்கு அத்தை?"

"உன் ரூமுக்குத்தாம்மா" என்றேன்.